புதுப்பிப்பு: வேனில் லித்தியம் பேட்டரி, ஆல்டர்னேட்டர் சூடு தீர்ந்தது

கேம்பர் வேனில் பழைய லெட் ஆசிட் பேட்டரிகளுக்குப் பதிலாக 200 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி போட்டேன், அதன் பிறகு ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஜெனரேட்டர்) பயங்கரமாகச் சூடாகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது டிசி-டிசி சார்ஜர் (ஆல்டர்னேட்டர் கரண்ட்டை அளவோடு பேட்டரிக்கு அனுப்பும் கருவி) யோசனைதான். பழைய ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) ஆல்டர்னேட்டரையும் பேட்டரியையும் நேராக இணைத்துவிடுகிறது. லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு, அதனால் கிடைக்கிற கரண்ட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போதே கிளாம்ப் மீட்டர் 85 ஆம்பியர் காட்டியது. வயர் உருகும் வாசனையும் லேசாக வந்தது. ரிலேயைக் கழற்றிவிட்டு 30 ஆம்பியர் சார்ஜர் வைத்தேன். இப்போது ஆல்டர்னேட்டரிலிருந்து 36 ஆம்பியருக்கு மேல் போவதில்லை. இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

எதிர்பாராதது ஒன்று: நடுப்பகலில் சோலார் சார்ஜிங் திடீரென்று நின்றுபோனது. சோலார் கன்ட்ரோலரில் லெட் ஆசிட்டுக்கான ஈக்வலைஸ் (அவ்வப்போது வோல்டேஜை உயர்த்தி சார்ஜ் செய்வது) அமைப்பு அப்படியே இருந்திருக்கிறது. வோல்டேஜ் 15-ஐத் தாண்டியதும் பேட்டரியின் பிஎம்எஸ் (பேட்டரியைப் பாதுகாக்கும் சர்க்யூட்) துண்டித்துவிட்டது. ஈக்வலைஸை அணைத்து, சார்ஜிங் வோல்டேஜை 14.2 என்று வைத்ததும் சரியாகிவிட்டது. பேட்டரி மாற்றுகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்புறம், வோல்ட்மீட்டரை நம்ப வேண்டாம். பாதி தீர்ந்த பிறகும் 13.1 காட்டுகிறது, நிறைந்திருக்கும்போது காட்டுவதிலிருந்து பெரிய வித்தியாசம் இல்லை. ஷன்ட் மானிட்டர் (பேட்டரிக்குள் போகிற, வெளியே வருகிற கரண்ட்டைக் கணக்கிடும் மீட்டர்) மாட்டிய பிறகுதான் மீதி எவ்வளவு என்று தெரிகிறது.