வீட்டுக்கு டிரெட்மில் வாங்கிய மதுரைக்காரர்கள், கடையில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள், எந்தப் பகுதி என்றும் போடுங்கள்

அண்ணாநகர்:

அப்பாவுக்குச் சுகர். தினமும் வண்டியூர் கண்மாய்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தவர். நாய்த் தொல்லை ஒரு பக்கம், சித்திரை பிறந்தால் ஏழு மணிக்கே சுள்ளென்று அடிக்கிற வெயில் ஒரு பக்கம். சரி, வீட்டிலேயே நடக்கட்டும் என்று முடிவு செய்து பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

விற்கிற தம்பி எடுத்த எடுப்பிலேயே, "சார், 4 எச்.பி. மோட்டார், இந்த விலைக்கு மதுரையில எங்குட்டும் கிடைக்காது" என்றார். எச்.பி. என்பது குதிரைத்திறன், மோட்டாரின் சக்திக் கணக்கு. தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு எச்.பி. தம்பி என்று கேட்டேன். "அதேதான் சார்." குனிந்து மோட்டார் மூடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை வாசித்தால், 4 என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் 'பீக்' என்றும், 'கன்டினியூவஸ் 2' என்றும் போட்டிருக்கிறது. பீக் என்பது மோட்டார் ஒரு நொடி முக்கி எட்டுகிற சக்தி, அரைமணி நேரம் ஆளைச் சுமந்து ஓடுவதற்கு அது உதவாது, கன்டினியூவஸ் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். நடைக்கு மட்டும் என்றால் 2 இருந்தால் ஓடும். வீட்டில் யாராவது ஓடப்போகிறார்கள் என்றால் இரண்டரையிலிருந்து 3 வரை பாருங்கள். மெதுவாகத்தானே நடக்கப்போகிறார், சின்ன மோட்டார் போதாதா என்று அப்பாவே கேட்டார். கனமான ஆள் மெதுவாக நடக்கும்போது மோட்டாரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், சூடு சீக்கிரம் ஏறிவிடும். அதனால்தான் எடை விஷயத்திலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பா 90 கிலோ, அந்த மிஷின் 100 கிலோ வரை என்று எழுதியிருந்தது, நான் 120 தாங்குகிறதைத்தான் காட்டச் சொன்னேன்.

அப்புறம் அப்பாவை ஷூ போட்டு ஏறச் சொன்னேன். இதை யாரும் செய்வதில்லை, டிவி வாங்குகிற மாதிரி ஸ்கிரீனைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிடுகிறார்கள். முதலில் ஏறிய மிஷினில், காலுக்கு அடியில் ஓடுகிற பெல்ட் 40 சென்டிமீட்டர் அகலம். நாலு எட்டு வைப்பதற்குள் இடது கால் ஓரத்துப் பிளாஸ்டிக்கை மிதித்துவிட்டது, ஏனென்றால் அவர் கொஞ்சம் அகட்டி நடப்பவர். கைப்பிடியோ ஒரு சாண்தான், முன்னால் குனிந்தால்தான் எட்டும். அடுத்ததில் பெல்ட் 48, கைப்பிடி இடுப்பு வரை நீண்டிருந்தது, தொடக்க வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் கீழே. அதில் ஏறியதும் மனுஷன் முகமே மாறிவிட்டது. பெரியவர்களுக்கு வாங்குகிறவர்கள் புளூடூத், ஸ்பீக்கரையெல்லாம் விட்டுவிட்டு இந்தக் கைப்பிடியைப் பாருங்கள். சிவப்புக் கயிறு போட்ட சேஃப்டி கீயைச் சட்டையில் மாட்டச் சொல்லுங்கள், கால் இடறினால் கயிறு பிடுங்கிக்கொண்டு பெல்ட் நின்றுவிடும். வேட்டியோடு ஏறக் கூடாது என்று நான் சொன்னதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை.

மேலமாசி வீதி:

எங்கள் பக்கத்து வீடுகளின் மாடிப்படி எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. மச்சான் வீட்டுக்கு வந்த பெட்டி படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. "அண்ணே இங்குட்டுத் திருப்புங்க, அங்குட்டுத் தூக்குங்க" என்று ஏற்றுகிறவர்கள் பாடாய்ப் பட்டு, கடைசியில் கீழேயே பிரித்து நிற்கிற கம்பங்களைக் கழற்றித்தான் ஏற்றினார்கள். மடக்கினால் இத்தனை அடி என்று கடையில் சொல்வது மூலையில் நிறுத்தி வைப்பதற்கான கணக்கு, படியேறுவதற்குப் பெட்டியின் நீளத்தைக் கேளுங்கள். ஃபேன் உயரத்தையும் அளந்துவிடுங்கள், பெல்ட் ஓடுகிற மேடையான டெக்கே முக்கால் அடி உயர்த்திவிடும், ஏற்றத்தில் நடப்பது போல முன்பக்கத்தைத் தூக்குகிற இன்கிளைன் போட்டால் இன்னும் ஏறும். மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் வைக்கலாமே என்று எங்கள் வீட்டிலும் ஒரு யோசனை வந்தது. அந்தச் சூட்டுக்கும் தூசிக்கும் மிஷினை இயக்குகிற கன்ட்ரோல் போர்டும் பெல்ட்டும் என்னத்துக்கு ஆகும்? எனக்கு இதெல்லாம் வேண்டாம், காலையில் வண்டி வராத சித்திரை வீதியைச் சுற்றி வந்தாலே போதும்.

திருநகர்:

வாங்குவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டில் அவர் வந்து பார்த்தபோது அந்த அறையில் இருந்தது வெறும் 6 ஆம்ப் பிளக், எர்த்தும் சரியில்லை. ஏசிக்குப் போடுவது போல 16 ஆம்பில் தனி லைன் இழுத்து, ஸ்டெபிலைசரும் வைத்தோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகவே வேண்டாம், வயர் கொதிக்கும். நடக்கும்போது கரண்ட் போனால் பெல்ட் நின்றுவிடும், நம் கால் நிற்காது, ஆகவே வேகமாக நடக்கிறவர்களும் கைப்பிடி எட்டுகிற இடத்திலேயே நடங்கள்.

வீட்டில் குழந்தை இருந்தால் இன்னொன்று. பின்பக்க ரோலரும் பெல்ட்டும் சேர்கிற இடத்தில் கையை வைத்தால் தோல் வழன்றுவிடும். 2021-ல் அமெரிக்காவில் ஒரு குழந்தை இறந்த பிறகு பெலோட்டான் கம்பெனி தன் ட்ரெட் பிளஸ் மிஷினை 1 லட்சத்து 25 ஆயிரம் அளவில் திரும்பப் பெற்றது. நடந்து முடித்ததும் சேஃப்டி கீயை உருவி அலமாரி மேல் தட்டில் போட்டுவிடுகிறேன். மிஷினுக்குப் பின்னால் ஆறடியாவது காலியாக விட வேண்டும், பின்பக்கத்தைச் சுவரை ஒட்டிப் போட்டால் விழுகிறவர் சுவருக்கும் ஓடுகிற பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்.

அண்ணாநகர்:

பெல்ட்டுக்கு அடியில் என்ன எண்ணெய் ஊற்றுவது என்று கேட்டவருக்கு: சிலிகான் எண்ணெய் மட்டும்தான். எங்கள் தெருவில் ஒருவர் தேங்காய் எண்ணெய் ஊற்றி, தூசியெல்லாம் அப்பி பெல்ட்டே இழுக்காமல் போய்விட்டது. மிஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் விரலை விட்டுப் பாருங்கள், வழவழப்பு இல்லாமல் வறட்சியாக இருந்தால் ஊற்ற வேண்டிய நேரம். பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பின்பக்க போல்ட்டை அலன் கீயால் கால் சுற்று திருப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்து அடுத்த கால் சுற்று. ஒரேயடியாக முறுக்கினால் பெல்ட் மறு பக்கம் ஓடிவிடும்.

பழைய மிஷின் வாங்கலாமா என்றால், தாராளமாக, துணி காயப்போட்டே புதுசாக இருக்கிற மிஷின்கள் மதுரையில் நிறைய. ஆனால் அந்த மாடலுக்கு பெல்ட்டும் கன்ட்ரோல் போர்டும் இப்போதும் கிடைக்கிறதா, ரிப்பேர் என்றால் ஊருக்குள் ஆள் இருக்கிறாரா அல்லது கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டுமா என்று விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.