மறு: என்கம்பர்டு கோட் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> 'சுமையேற்றப்பட்ட குறிமுறை' எனலாமா?

சுமை என்றால் சர்வர் லோடுதான் நினைவுக்கு வரும் ஐயா. இங்கே சிக்கல் பளுவில் இல்லை, பாத்தியதையில் இருக்கிறது. கையில் இருந்தாலும், பிறர் உரிமை கலந்திருப்பதால் நாமே வெளியிட முடியாத நிரல்தான் 'என்கம்பர்டு கோட்'.

ஜாவா என்ற நிரல்மொழியையே எடுத்துக்கொள்வோம். 2006 நவம்பர் 13 அன்று அதை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம், எவரும் மூல நிரலைப் பார்த்து மாற்றிப் பகிரலாம் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் அதைத் திறப்பதாக அறிவித்தது. 2007 மே மாதம் அப்படித் திறக்கப்பட்ட ஜாவாவான ஓப்பன்ஜேடிகே வந்தபோது ஏறக்குறைய 4% நிரலுக்கு மட்டும் மூல நிரல் வரவில்லை. எழுத்துருவைத் திரையில் வரையும் பகுதி, 2டி வரைகலை, வண்ண மேலாண்மை, ஒலி எஞ்சின் எல்லாம் அதில் அடக்கம். சன்னிடம் நிரல் இருந்தது, பயன்படுத்த உரிமையும் இருந்தது. ஊருக்குத் திறந்துவிட உரிமை இல்லை. அது வேறு நிறுவனங்களின் கையில்.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் இதற்கு ஒரு சொல் புழங்குகிறதே: வில்லங்கம். வீடு நம் அனுபவத்தில் இருக்கும், அடமானம் பாக்கியிருந்தால் நினைத்தபடி எழுதிக்கொடுக்க முடியாது. ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்தவர் எவருக்கும் 'வில்லங்க நிரல்' விளங்கும்.

> வம்பு பிடித்த நிரல் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

பேச்சில் அந்தப் பொருளும் உண்டுதான். ஆனால் கோளாறுக்கு 'வழு' ஏற்கெனவே நிலைத்துவிட்டது. தவிர, வில்லங்கமற்ற, வில்லங்கம் நீக்கல் என்று இந்தச் சொல் நீளும். உண்மையான பாடு அந்த நீக்கலில்தான். எழுத்துருவுக்கு ஃப்ரீடைப், வண்ணத்துக்கு லிட்டில் சிஎம்எஸ் என்று ஒவ்வொன்றுக்கும் மாற்று தேடிப் பொருத்த வேண்டியிருந்தது. இதற்காகவே லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் 2007 ஜூனில் ஐஸ்டீ திட்டத்தைத் தொடங்கியது. ஃபெடோரா 9 லினக்ஸில் இருந்த அதன் தொகுப்பு, ஜாவாவின் அதிகாரப்பூர்வப் பொருத்தச் சோதனையில் தேறியது 2008 ஜூனில். அறிவித்த நாளிலிருந்து ஒன்றரை ஆண்டு! 'சட்டென்று கிட்ஹப்பில் (நிரல் பகிரும் தளம்) போட்டுவிட வேண்டியதுதானே' என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மாற்று கிடைக்கும்வரை அந்த இடங்களை நிரப்ப, மூலம் இல்லாமல் இயங்குகோப்பாக மட்டும் சன் தந்தவை 'பைனரி பிளக்'. 'இருமச் செருகி' வேண்டாம், செருகுநிரலோடு (பிளகின்) குழம்பும். 'இருமத் தக்கை' என் முன்மொழிவு. ஓட்டையை அடைப்பதுதானே அதன் வேலை?

மேலே சொன்ன பொருத்தச் சோதனைத் தொகுதியின் உரிமத்தை வைத்து, இன்னொரு திறமூல ஜாவா திட்டமான அப்பாச்சி ஹார்மனிக்கும் சன்னுக்கும் நடந்த இழுபறிக்குத் தனி இழை தொடங்கலாம். அங்கே 'ஃபீல்டு ஆஃப் யூஸ்' (எந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி என்னும் கட்டுப்பாடு) என்ற சொல் வேறு காத்திருக்கிறது.

விக்சனரியில் ஏற்றுமுன் மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். 'தக்கை' யாருக்காவது உறுத்துகிறதா?

அன்புடன்