பழைய லேப்டாப் 20 நிமிடத்தில் தானாக அணைகிறது, தேதி 2012-க்குப் போகிறது, மதர்போர்டு போய்விட்டதா?

முத்துநகர்வாசி:

வணக்கம். 2013-ல் வாங்கிய லேப்டாப் ஒன்று வீட்டில் இருக்கிறது. மூன்றாம் தலைமுறை ஐ5, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. வாங்கும்போது 4 ஜிபி ரேம், பிறகு நண்பன் ஒருவன் இன்னொரு 4 ஜிபி போட்டுக் கொடுத்தான். நான் வேலைக்குப் போனதும் அது தங்கச்சி கைக்குப் போய்விட்டது, பி.காம். ரெண்டாம் வருடம் படிக்கிறாள். அப்பாவின் கடைக் கணக்கும் எட்டு வருடமாக அதற்குள்தான் கிடக்கிறது, வேறு எங்கும் காப்பி கிடையாது (திட்டாதீர்கள், தெரியும்).

பிரச்சினை ஒன்று என்றால் சொல்லிவிடலாம். வீடியோ வகுப்பு ஓடும்போது 20 நிமிடம், அரைமணி நேரத்தில் எந்த அறிவிப்பும் இல்லாமல் பட்டென்று அணைகிறது. சில நாள் காலையில் ஆன் செய்தால் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பு. நாலைந்து தடவை ஆஃப் செய்து ஆன் செய்தால் வருகிறது. அப்புறம் தேதி, ஒவ்வொரு நாளும் 2012 ஜனவரி 1-க்குப் போய் நிற்கிறது. இணையமும் சரியில்லை, எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று மிரட்டுகிறது. விண்டோஸ் வந்து முடிய ஆறு நிமிடம். பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது, கழற்றிவிட்டு சார்ஜரிலேயே ஓட்டுகிறோம்.

பக்கத்தில் ஒரு கடையில் காட்டினேன். ஆன் செய்து பார்த்துவிட்டு இரண்டே நிமிடத்தில் மதர்போர்டு போய்விட்டது, 7,500 ரூபாய் ஆகும், இல்லையென்றால் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடுங்கள் என்றார்கள். போடலாமா?

பழைய இரும்பு:

போடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். போர்டு போயே இருக்காது என்று இங்கிருந்து யாரும் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் நீங்கள் சொன்ன எதுவும் அதை மட்டும் கை காட்டவில்லை. நாலைந்து சின்னக் கோளாறுகள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒரு பெரிய கோளாறு மாதிரி வேஷம் போடுகின்றன. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய லேப்டாப்பில் இதுதான் வழக்கம்.

தேதியும் இணையமும் இரண்டல்ல, ஒன்று. போர்டில் சிஆர்2032 என்று ஒரு காசு பேட்டரி இருக்கும், 3 வோல்ட். சார்ஜரோ பெரிய பேட்டரியோ இருக்கும்வரை கடிகாரம் பெரும்பாலும் அதிலிருந்து ஓடிக்கொள்ளும். நீங்கள் பெரிய பேட்டரியைக் கழற்றிவிட்டீர்கள், ராத்திரி சார்ஜரையும் பிடுங்கியிருப்பீர்கள், அப்போது பாரம் முழுக்க அந்தக் காசு பேட்டரி தலையில். 2013-லிருந்து அதை யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். தேதி 2012-ல் நின்றால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் நினைக்கும், அதனால்தான் எல்லாத் தளத்திலும் மிரட்டல். சோதிக்க வேண்டுமா? தேதியைக் கையால் சரிசெய்துவிட்டு ஒரு தளத்தைத் திறங்கள், ஒழுங்காக வரும்.

20 நிமிடத்தில் அணைவது சூடு என்றுதான் நினைக்கிறேன். அந்தக் காலத்து ஐ5-க்கு உச்ச வரம்பு 105 டிகிரி. அதை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும், அதனால்தான் அறிவிப்பு வருவதில்லை. எச்டபிள்யூமானிட்டர் என்ற சூடு காட்டும் மென்பொருளைப் போட்டு வீடியோ ஓடும்போது எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள்.

கருப்புத் திரைக்கு ஒரு கேள்வி. அப்படி நிற்கும்போது கேப்ஸ் லாக்கை அமுக்கினால் அதன் லைட் எரிந்து அணைகிறதா? எரிந்தால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது, கோளாறு திரையிலோ அதற்குப் போகும் கேபிளிலோ. டார்ச்சைத் திரையில் சாய்த்து அடித்துப் பார்த்தால் படம் மங்கலாகத் தெரியலாம். எரியவில்லை என்றால் அது எழுந்திருக்கவே இல்லை, முதல் சந்தேகம் ரேம். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு ஸ்லாட்டில் களிம்பு பிடிப்பதெல்லாம் பெரிய விஷயமே இல்லை.

இதையெல்லாம் தொடுவதற்கு முன்னால் அப்பாவின் கணக்கை வெளியே எடுங்கள். ஆறு நிமிடம் எடுக்கும் டிஸ்க் நல்ல டிஸ்காக இருக்க வாய்ப்பு குறைவு. 20 நிமிடத்தில் அணையும் மெஷினில் காப்பி போட முயலாதீர்கள், டிஸ்கைக் கழற்றி, 2.5 அங்குல யூஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கி அதில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் சொருகி எடுங்கள். எடுத்து முடிக்கும்வரை செக்டிஸ்க் (டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்யப் பார்க்கும் விண்டோஸ் கருவி) ஓட்டவே கூடாது, சாகக் கிடக்கும் டிஸ்கை மூன்று மணி நேரம் ஓடவிட்டுக் கொன்றவர்களில் நானும் ஒருவன்.

முத்துநகர்வாசி:

ரொம்ப நன்றி அண்ணா. தேதியைச் சரிசெய்ததும் எல்லாத் தளமும் திறந்துவிட்டது, தங்கச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள், போன மாதம்தான் இணைய இணைப்பை மாற்றச் சொல்லி அப்பாவிடம் பணம் கேட்டிருந்தேன். கேப்ஸ் லாக் லைட் எரியவில்லை. வீடியோ ஓடும்போது 97 வரை பார்த்தேன், அப்புறம் அணைந்துவிட்டது. ரேம் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டால் போதும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள், செய்யலாமா?

கடை அண்ணாச்சி:

தம்பி, நான் 15 வருடமாக சர்வீஸ் மேஜையில் உட்கார்ந்திருப்பவன். எல்லாக் கடையையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மூடியைக் கூடத் திறக்காமல் மதர்போர்டு என்று சொல்வது தப்புதான். நானாக இருந்தால் பேசுவதற்கு முன் ரேமை மாற்றிப் பார்த்திருப்பேன்.

ரப்பர் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பென்சில் அழிக்கும் மெத்து ரப்பர் என்றால் பரவாயில்லை, மை அழிக்கும் சொரசொரப்பானது தங்க முலாமையே சுரண்டிவிடும், தேய்த்த தூள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அது வேறு தலைவலி. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வாங்கி, நூல் உதிராத துணியில் நனைத்துத் துடையுங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, பிறகு கை வையுங்கள். இரண்டு ரேமையும் கழற்றி ஒன்றை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள், அப்புறம் அதையே இரண்டாவதில், அப்புறம் மற்றதை இதே மாதிரி. மொத்தம் நாலு தடவை. எது எதில் வேலை செய்தது என்று எழுதி வையுங்கள், மனசில் வைத்துக்கொண்டால் மூன்றாவது தடவையே குழம்பிவிடும்.

சூட்டைப் பற்றி. வெளியிலிருந்து ஊதினால் போதும் என்பார்கள், பழைய மெஷினுக்குப் போதாது. ஃபேனுக்கும் செம்பு பைப்பின் முனையில் இருக்கும் தகடுகளுக்கும் நடுவில் தூசி ஒரு கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும், ஃபேனைக் கழற்றினால்தான் கண்ணில் படும், விரலால் உரித்தெடுக்கலாம். ஒருதடவை அதற்குப் பதில் எறும்புக் கூட்டம் முட்டையோடு குடியிருந்ததைப் பார்த்தேன், வாடிக்கையாளர் வீட்டில் மெஷினை அரிசி டிரம் மேல் வைத்திருந்தார்களாம். ஊதுவதானால் ஃபேன் இறக்கையைக் குச்சியால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், தறிகெட்டுச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

கூடவே பிராசஸர் சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்கு (சூட்டை வெளியேற்றும் செம்பு பைப்பும் தகடும்) கடத்தும் பேஸ்டையும் மாற்றிவிடுங்கள், இத்தனை வருடத்தில் அது காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். பழையதை ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சிப்பின் நடுவில் ஒரு அரிசி மணி அளவு. தோசைக்கு நெய் ஊற்றுகிற மாதிரி ஊற்றிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். ஹீட்சிங்க் ஸ்க்ரூ பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருந்தால் அந்த வரிசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். கழற்றும் ஸ்க்ரூக்களை, லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் காகிதத்தில் வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள், நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் மேல்பக்கம் பொத்துக்கொண்டு வந்துவிடும். கீபோர்டின் பட்டை கேபிளை இழுக்காதீர்கள், அதற்கு ஒரு சின்னத் தாழ்ப்பாள் உண்டு, அதைத் தூக்கினால் தானாக வரும்.

பயமாக இருந்தால் இந்த வேலையை மட்டும் ஒரு கடையில் கொடுங்கள். கழற்றிச் சுத்தம் செய்து பேஸ்ட் மாற்ற வேண்டும் என்று வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், பிரச்சினையைச் சொல்லிக் கேட்காதீர்கள்.

ராத்திரிப்பறவை:

பேட்டரியை யாரும் பேசவில்லை. பேட்டரி இல்லாமல் ஓட்டுவது என்றால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க் நடுவில் நிற்கிறது, உங்கள் டிஸ்க் சோர்ந்துபோனதில் அதற்கும் பங்கு இருக்கலாம். புதிது வாங்கும்போது பழையதன் முதுகில் இருக்கும் பார்ட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 10.8 வோல்ட் என்று இருந்து கடையில் 11.1 கொடுத்தால் பயப்பட வேண்டாம், மூன்று செல் வரிசையை ஒருவர் 3.6 என்றும் இன்னொருவர் 3.7 என்றும் கணக்குப் போடுவதுதான் அந்த வித்தியாசம். 14.4 அல்லது 14.8 என்றால் அது வேறு ஜாதி, வேண்டாம்.

சார்ஜரும் ஒரிஜினலா என்று பாருங்கள். 19 வோல்ட் 3.42 ஆம்பியர் என்றால் 65 வாட். ஆம்பியர் கூட இருந்தால் தப்பில்லை, குறைந்தால் திணறும், வோல்ட் மட்டும் மாறவே கூடாது. சில மாடல்களில் சார்ஜர் முனைக்கு நடுவில் ஊசி மாதிரி ஒன்று இருக்கும், அது ஒடிந்தால் சார்ஜரை அடையாளம் தெரியாமல் லேப்டாப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஜனங்கள் வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

முத்துநகர்வாசி:

எல்லாருக்கும் பதில், கொஞ்சம் நீளம்.

டிஸ்கை யூஎஸ்பி கேஸில் போட்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்தேன், நாலு மணி நேரம் ஆனது. இரண்டு சினிமா ஃபைல் மட்டும் வரவில்லை, அப்பாவின் கணக்கு முழுசாக வந்துவிட்டது. டிஸ்கின் உடல்நிலை பார்க்கும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மஞ்சள் காட்டுகிறது, கெட்ட இடங்களைக் கணக்கிடும் 05, சி5 என்ற இரண்டு வரியிலும் பூஜ்யம் இல்லை. ஃபேனில் அண்ணாச்சி சொன்ன கம்பளி அப்படியே இருந்தது, படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன், மெத்தை மேல் வைத்து ஓட்டியது நீதானே என்று. பேஸ்ட் மாற்றிய பிறகு அதே வீடியோவுக்கு 71 டிகிரி, இரண்டு மணி நேரம் அணையவில்லை. காசு பேட்டரி ஒயரோடு சுற்றி இருந்தது, அதே மாதிரி வாங்கிப் போட்டேன்.

ரேம்தான் குழப்பம். நாலு தடவையும் எழுதி வைத்தேன். முதல் ஸ்லாட்டில் இரண்டு ரேமும் வேலை செய்கின்றன, இரண்டாவதில் இரண்டுமே செய்யவில்லை. ஆல்கஹால் வைத்துத் துடைத்தும் ஒரு நாள் வந்தது, மறுநாள் கருப்பு. அப்படியென்றால் கடையில் சொன்னது சரிதானா?

பழைய இரும்பு:

கால்வாசி சரி. ஸ்லாட் போர்டில்தான் இருக்கிறது, ஆனால் அதற்காகப் போர்டையே மாற்ற வேண்டாம். இரண்டாவது ஸ்லாட்டை மறந்துவிடுங்கள், முதலாவதில் 8 ஜிபி ஒன்று போடுங்கள், மூன்றாம் தலைமுறை அதை ஏற்கும். ரேம் வகை டிடிஆர்3, 1.5 வோல்ட். டிடிஆர்3எல் கிடைத்தாலும் ஓடும், அது 1.35-லும் 1.5-லும் வேலை செய்யும். (நாலாம் தலைமுறை வைத்திருப்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்யாதீர்கள், அங்கே 1.5 மட்டும் உள்ளதைப் போட்டால் பெரும்பாலும் எழுந்திருக்காது.)

டிஸ்கை ஓய்வுக்கு அனுப்புங்கள். சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள், அது இருக்கும் டிஸ்கில் கணக்கு வைப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் வைப்பது மாதிரி. அதற்குப் பதில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுற்றும் தகடு இல்லாத வேகமான டிஸ்க்) 256 ஜிபி போதும். ஆறு நிமிடம் அரை நிமிடமாகும், செலவழித்ததில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் இது ஒன்றுதான்.

ராத்திரிப்பறவை:

எஸ்எஸ்டி போடும்போதே யோசியுங்கள், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, 11-க்கு முறைப்படி எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும், உங்களுடையது தேறாது. வகுப்புக்கும் பிரவுசருக்கும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போதும், தமிழ்99 விசைப்பலகையிலும் அதில் தட்டலாம். அப்பாவின் கணக்கு மென்பொருள் அதில் ஓடுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முத்துநகர்வாசி:

அப்பாவிடம் மென்பொருளை மாற்றச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. கணக்கை என் ஆபீஸ் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்பில் ஏற்றிக் கடைக்கே கொண்டுபோய் வைத்துவிடுகிறேன், லேப்டாப் தங்கச்சிக்கு மட்டும். கடைசியாக ஒன்று, கழற்றி வைத்த பழைய பேட்டரி மேஜை டிராயரில் கிடக்கிறது, நடுவில் கொஞ்சம் உப்பிய மாதிரி தெரிகிறது. வைத்திருக்கலாமா?

கடை அண்ணாச்சி:

இன்றைக்கே டிராயரிலிருந்து எடுங்கள் தம்பி. குத்தாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள், சார்ஜ் ஏற்றிப் பார்க்கிறேன் என்று மறுபடி மாட்டவே கூடாது, குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் சிமெண்டுத் தரையில் ஒரு மண்சட்டிக்குள் வைத்து, மின்னணுக் கழிவு எடுக்கிறவர்களிடமோ புதுப் பேட்டரி வாங்கும் கடையிலோ கொடுத்துவிடுங்கள். அப்படியே அந்த இரண்டு 4 ஜிபி ரேமையும் தூக்கிப் போட வேண்டாம், நல்ல ரேம்தான், என் மாதிரி ஆளுக்குச் சோதனைக்கு உதவும்.