“இல்லைதானே?” என்று கேட்காதீர்கள்

தொலைபேசி உதவி மையத் தன்னார்வலர்

பிள்ளைக்குத் தற்கொலை எண்ணம் இருக்குமோ என்று கவலைப்பட்டு அழைக்கும் பெற்றோர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “நாமளே கேட்டா அந்த நெனப்பு வந்துடாதா?” வராது. உள்ளுக்குள் அதைச் சுமந்துகொண்டிருப்பவருக்கு ஒருவர் நேராகக் கேட்பதே பாதி பாரத்தை இறக்கிவைத்த மாதிரி. சிக்கல் கேட்கும் விதத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் கேள்வி இப்படி வரும்: “தப்பா ஒண்ணும் யோசிக்கலையே?” அந்த ‘லையே’வுக்குள் பதிலும் இருக்கிறது. “சேச்சே, இல்லம்மா” என்று சொல்லவைத்துவிட்டு நிம்மதியாக எழுந்து போய்விடுகிறோம். ‘தப்பா’ என்ற சொல்லும் கதவைச் சாத்துகிறது. தப்பை யார் ஒப்புக்கொள்வார்கள்?

முதலில் கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: “பத்து நாளா நீ சரியாத் தூங்கல, சாப்பாடும் பாதியிலயே எழுந்துடுற.” பிறகு கேளுங்கள்: “இவ்ளோ கஷ்டத்துல சிலருக்குச் செத்துடலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணுதா?” கேட்டதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பத்து விநாடி மௌனம் ஒரு யுகமாகத் தெரியும். அதை நிரப்பத்தான் நாம் அறிவுரையை அவிழ்ப்போம். எதிரெதிரே உட்காரவைத்து விசாரிக்க வேண்டாம். பக்கத்தில் நடந்தபடியோ, கீரை ஆய்ந்தபடியோ பேசினால் முகம் பார்க்க வேண்டியதில்லை, பேச்சு தானாக வரும்.

“ஆமா” என்று பதில் வந்தால் இன்னும் மூன்று கேள்விகள்: எப்படி என்று யோசித்தாயா, அதற்கானது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, எப்போது என்று நினைத்திருக்கிறாயா. இவற்றுக்குத் தெளிவான பதில் இருந்தால் அவரை ஒரு நிமிடமும் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால் உடனே 108. பேசுவதற்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். 1986இல் சென்னையில் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050.

“யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று கேட்பார்கள். அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். “யார்கிட்ட சொல்லலாம்னு நாம ரெண்டு பேரும் சேர்ந்தே முடிவு பண்ணலாம்” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மனநலச் செவிலியர்

மேலே சொன்னதோடு ஒன்று. “என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணு” என்று வாங்குவது நம் ஊர் வழக்கம். அதனால் பாதுகாப்பு கூடுவதில்லை. அடுத்த முறை எண்ணம் வரும்போது சத்தியத்தை மீறிய குற்ற உணர்வும் சேர்ந்து, அவர் சொல்லாமலே இருந்துவிடுவார்.

சத்தியத்துக்குப் பதில் ஒரு தாள். அவர் கைப்படவே எழுதட்டும். எண்ணம் கிளம்பும் முன் தெரியும் அறிகுறி என்ன (‘ராத்திரி 2 மணிக்கு முழிப்பு’ என்பது போல), தனியாகச் செய்யக்கூடியது என்ன, போய் உட்கார ஒரு இடம் (டீக்கடையோ கோயில் திண்ணையோ), விஷயத்தைச் சொல்லிப் பேசக்கூடிய இரண்டு பேரின் எண், மருத்துவமனை, உதவி எண், கடைசியாக எதை எதை வீட்டிலிருந்து அகற்றினோம் என்பது. ‘நண்பர்கள்’ என்று மொட்டையாக எழுதினால் உதவாது. பெயர் வேண்டும், அவர் இரவில் போன் எடுப்பாரா என்று முன்கூட்டியே கேட்டும் வைக்க வேண்டும். தாளைப் படம் பிடித்து போனிலும் வையுங்கள்.

மன அழுத்த மாத்திரைகள் வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். மனம் தேறும் முன்பே உடம்பில் சுறுசுறுப்பு வந்துவிடுவதும் உண்டு. “தேறிட்டான்” என்று கண்காணிப்பைத் தளர்த்த வேண்டாம். மாத்திரை வீட்டில் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும், ஒரு வாரத்துக்கு மேல் இருப்பு வேண்டாம்.

கிராமக் களப்பணியாளர்

டெல்டா பக்கம் வேறு கதை. இங்கே பலரும் மாதக்கணக்கில் திட்டம் போடுவதில்லை. சண்டை, கடன், குடி, கையருகே பூச்சிமருந்து. உச்சத்தில் இருக்கும் வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அதுவரை கைக்கு எட்டாமல் இருந்தால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். காட்டுமன்னார்கோயில் பகுதியில் மருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவில் பூட்டுப்பெட்டிகள் அமைத்துப் பார்த்தார்கள். பெரிய அளவில் செய்தது இலங்கை. 1980களிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். 1990களின் நடுவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை விகிதங்களில் ஒன்று அங்கே இருந்தது. 20 ஆண்டுகளில் அது முன்பிருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

வீட்டளவில்: தேவைக்கு மட்டும் வாங்குங்கள், மிச்சத்தைப் பூட்டுங்கள், சாவி பரண் மேல் வேண்டாம்.

அப்புறம், கேஸ் ஆகும் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமல் நேரத்தைக் கடத்துகிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்ற ஒருவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கொள்கிறது. அதற்காக வழக்கோ தண்டனையோ கிடையாது. இதை ஊர்க்கூட்டத்தில் சொல்லுங்கள்.

தொலைபேசி உதவி மையத் தன்னார்வலர்

வயதானவர்கள் விஷயம் விட்டுப்போனது. “போய்ச் சேர்ந்தா போதும்”, “பூமிக்குப் பாரமா இருக்கேன்” என்பதைப் புலம்பல் என்று தள்ளாதீர்கள். “எதனால அப்படிச் சொல்றீங்கப்பா?” என்று அங்கேயே உட்காருங்கள்.

மனநலச் செவிலியர்

தினசரிப் பழக்கங்கள் பற்றி: “வாக்கிங் போ, யோகா பண்ணு” என்று நெருக்கடியில் இருப்பவரிடம் சொல்வது எரிச்சலைத்தான் தரும். அது முன்னும் பின்னும் உதவுவது. தூங்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை மாறாமல் வைப்பது எளிது, அதிலிருந்து தொடங்கலாம். குடியை அன்றைக்காவது தள்ளிவைக்க வேண்டும், ஏனென்றால் அது தயக்கத்தை அறுத்துவிடும்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரங்கள்தான் ஆபத்தானவை. உறவினர் கூட்டம் அதற்குள் கலைந்துவிடும். சென்னை, கொழும்பு உட்பட ஐந்து ஊர்களில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு மணி நேரப் பேச்சும் 18 மாதங்களில் ஒன்பது முறை தொடர்பும் கிடைத்தவர்களிடையே தற்கொலைச் சாவு குறைவாக இருந்தது. அந்த அட்டவணையையே காலண்டரில் குறித்துக்கொள்ளலாம்: 1, 2, 4, 7, 11ஆம் வாரங்கள், பிறகு 4, 6, 12, 18ஆம் மாதங்கள். நீளமாகப் பேசத் தேவையில்லை. “உன் ஞாபகம் வந்துச்சு. பதில் போடணும்னு இல்ல, அடுத்த வாரமும் கூப்பிடுறேன்” என்று ஒரு வாட்ஸ்அப் போதும். சொன்ன நாளில் கூப்பிட்டுவிடுங்கள்.