ஈரச் சாலையில் ஜீப்பின் பின்பக்கம் நிலைகொள்ளவில்லை: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வால்பாறையை அடுத்த எஸ்டேட் ஒன்றில் பணிபுரிகிறேன். என்னிடம் 2016ஆம் ஆண்டு வாங்கிய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்று இருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் பின் சக்கரங்களுக்கு மட்டுமே இன்ஜினின் விசை போகும். லீவரை மாற்றினால் நான்கு சக்கரங்களுக்கும் விசை தரும் 4எச் (சாதாரண வேகத்துக்கு), 4எல் (மெதுவான, கடின ஓட்டத்துக்கு) இரண்டும் உண்டு. பின்னால் லீஃப் ஸ்பிரிங்கும் டிரம் பிரேக்கும் இருக்கின்றன, ஏ.பி.எஸ். கிடையாது.

தென்மேற்குப் பருவமழை பிடித்ததிலிருந்து, ஆழியாற்றுக்கும் வால்பாறைக்கும் இடையிலுள்ள 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது வண்டியின் பின்பக்கம் வெளிப்புறமாக நழுவுகிறது. வேகமாக ஓட்டும் பழக்கம் எனக்கு இல்லை. இரண்டாவது கியரில், பின்னால் வரும் பேருந்துக்காரர் ஹாரன் அடிக்கும் வேகத்தில்தான் இறங்குகிறேன். வளைவில் தார் பெயர்ந்த இடம் வந்தால் பின்பக்கம் குதித்து, விழும்போது ஒரு சாண் தள்ளி விழுகிறது. பின்னால் உர மூட்டைகள் இருந்தால் இந்தத் தொல்லை குறைவாகவும், வெறும் வண்டியாக இருந்தால் அதிகமாகவும் இருக்கிறது.

சென்ற ஆண்டு, சுமை ஏற்றும்போது பின்பக்கம் மிகவும் தாழ்கிறது என்பதற்காக இருபுறமும் ஒவ்வொரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. முன் டயர்கள் தேய்ந்துவிட்டதால் அவை மட்டும் இந்த ஆண்டு புதிதாக மாற்றப்பட்டன. முன் பிரேக் பேடுகளும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தேய்ந்துபோயின. நழுவலுக்காகப் பின் ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் மாற்றினேன். எந்த வேறுபாடும் தெரியவில்லை. இப்போது, பின் ஆக்சிலில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போட்டால் பிடிமானம் வந்துவிடும் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். பெருந்தொகை செலவாகும் என்பதால், அதற்கு முன் வேறு எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். குடும்பத்தை வைத்துக்கொண்டு இந்த வண்டியில் இறங்க இப்போது மனம் வரவில்லை.

மறுமொழி: பட்டறை நடத்துபவர், பொள்ளாச்சி

தம்பி, டிஃபரன்ஷியலுக்குப் பணம் கொடுப்பதைச் சற்று நிறுத்தி வையுங்கள். பின்பக்கம் நழுவுகிறது என்பது நோயின் பெயர் அல்ல, அறிகுறிதான். அது எந்தக் கணத்தில் நழுவுகிறது என்பதைப் பொறுத்துத்தான் காரணம் மாறும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது நழுவினால் விசையையும் டயரையும் பார்க்க வேண்டும். பிரேக் மிதிக்கும்போது நழுவினால் பின் பிரேக் முன் பிரேக்குக்கு முந்திப் பூட்டிக்கொள்கிறது என்று பொருள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த கணத்தில் நழுவினால், இன்ஜின் பிரேக்கின் இழுப்பு முழுவதும் பின் சக்கரங்கள் இரண்டின் மேலேயே விழுகிறது. அதே நேரத்தில் வண்டியின் எடையும் முன்னோக்கிச் சாய்வதால், இருக்கிற கொஞ்சப் பிடிப்பும் போய்விடுகிறது. எதையும் மிதிக்காமல், ஒரே சீராக வளைவில் போகும்போதே நழுவினால் டயர், காற்று, ஸ்பிரிங், ஆக்சில் அமர்ந்திருக்கும் முறை ஆகியவற்றில்தான் கோளாறு இருக்கும்.

இந்தச் சோதனையை மலைச்சாலையில் செய்யாதீர்கள். ஆட்கள் நடமாட்டமில்லாத, ஈரமான, சமதளமான நேர்ச்சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள்; ஓரத்தில் ஒருவரை நிறுத்தி எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முன் சக்கரம்தான் முதலில் நிற்க வேண்டும். பின் சக்கரம் முந்தினால், சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு கம்பியோடு இருக்கும் லோடு சென்சிங் வால்வைப் பாருங்கள். சுமைக்கு ஏற்றபடி பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதுதான். அந்தக் கம்பி துருப்பிடித்துச் சுமை நிலையிலேயே இறுகிவிட்டால், வெறும் வண்டியிலும் பின் சக்கரத்துக்கு முழு அழுத்தம் போய்விடும்.

ஷாக் அப்சார்பர் வேலை செய்கிறதா என்பதை, வண்டியின் பின்புறத்தைக் கையால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இப்படிப்பட்ட கடினமான ஸ்பிரிங்கில் அதனால் ஒன்றும் தெரியாது. மோசமான சாலையில் சிறிது தூரம் ஓட்டிவிட்டு இறங்கி, இரண்டின் உடலையும் தொட்டுப் பாருங்கள். உழைத்தது வெதுவெதுப்பாக இருக்கும், உழைக்காதது குளிர்ந்தே இருக்கும்.

மறுமொழி: சுற்றுலா வண்டி ஓட்டுநர், வால்பாறை

மழை பிடித்துவிட்டால் இந்தச் சாலையில் 4எச் போட்டுக்கொண்டு இறங்குங்கள் அண்ணா. இன்ஜின் பிரேக் நான்கு சக்கரங்களுக்கும் பிரிந்து போகும், பின்பக்கம் நழுவாது. எஸ்டேட் மண் பாதைகளில் எல்லாரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

மறுமொழி: ஆட்டோமொபைல் பொறியாளர், கோவை

மேலே சொன்ன யோசனை சேற்றுப் பாதைக்கு முற்றிலும் பொருந்தும், தார்ச்சாலைக்குப் பொருந்தாது. இந்த வகை வண்டியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் சென்டர் டிஃபரன்ஷியல் இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் உருள வேண்டியிருக்க, 4எச் இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிவிடுகிறது. சேற்றில் டயர் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். தாரில் அப்படி வழுக்க இடமில்லாததால், ஸ்டீயரிங் இறுகி, விசையை இரண்டு ஆக்சில்களுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அதைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டும் முறுக்கேறுகின்றன. மரநிழலில் ஈரமும் அடுத்த வளைவில் காய்ந்த தாருமாக மாறி மாறி வரும் மலைச்சாலையில் இது இன்னும் கெடுதலானது. வழி முழுவதும் சேறாகிவிட்ட நாளில் மட்டும் 4எச் போடலாம். எப்படியிருந்தாலும் அது ஓட்டும் முறைதானே தவிர, இருக்கிற பழுதுக்கு மருந்தாகாது.

லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு சக்கரம் காற்றில் தொங்கியோ சேற்றில் சிக்கியோ வெறுமனே சுற்றும்போது மற்றச் சக்கரத்துக்கும் விசை போகச் செய்வதே அதன் வேலை. பக்கவாட்டுப் பிடிமானத்தை அது கூட்டாது. ஈரத் தாரில், உட்புறச் சக்கரம் மட்டும் சுற்றி வீணாவதற்குப் பதிலாக இரண்டு பின் சக்கரங்களும் ஒருசேரப் பிடிப்பை இழந்தால், பின்பக்கம் இப்போதைக்காட்டிலும் எளிதாக வெளியே வீசப்படும். இறங்கும்போது வரும் நழுவலுக்கு அதை வாங்கப் பரிந்துரைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் ஐயம் முழுவதும் அந்தக் கூடுதல் பட்டையின் மேல்தான். வளைவில் வண்டி சாயும்போது, உட்புறச் சக்கரத்திலிருந்து வெளிப்புறச் சக்கரத்துக்கு எடை மாறுகிறது. முன்னுக்கும் பின்னுக்கும் எந்தப் பக்கத்து ஸ்பிரிங் கடினமோ, அந்தப் பக்கம் இந்த மாற்றத்தில் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும். எடை அதிகமாக மாறுகிற பக்கத்து ஆக்சிலின் மொத்தப் பிடிமானம் குறையும். பின் ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கியதால், அந்தக் குறைவு முழுவதும் பின்னால் வந்து சேர்ந்திருக்கிறது.

இரண்டாவதாக, பட்டை சேர்ந்ததால் ஸ்பிரிங்கின் வில் வளைவு கூடி, ஆக்சில் முன்கண்ணுக்கு (ஸ்பிரிங்கின் முன்முனையைச் சேசிஸோடு மாட்டும் வளையம்) இன்னும் கீழே போயிருக்கும். அந்நிலையில் வளைவில் அமுங்குகிற வெளிப்புற ஸ்பிரிங் தன் பக்கத்து ஆக்சில் முனையைச் சற்றுப் பின்னோக்கித் தள்ளும். விரிகிற உட்புற ஸ்பிரிங் தன் முனையை முன்னோக்கி இழுக்கும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே பின் ஆக்சில் வளைவுக்கு வெளியே பார்த்துத் திரும்பிக்கொள்கிறது. சுமை ஏற்றினால் ஸ்பிரிங் மீண்டும் தட்டையாகிவிடுவதால் தொல்லை குறைகிறது. நீங்கள் எழுதியிருப்பதும் அதேதான்.

முன் பேடுகள் சீக்கிரம் தேய்ந்ததும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். பின்பக்கம் உயர்ந்து நிற்பதால் லோடு சென்சிங் வால்வு வண்டி எப்போதும் காலியாக இருக்கிறது என்று கணக்கிட்டுக்கொண்டு, சுமை இருக்கும்போதும் பின் பிரேக்குக்குக் குறைவான அழுத்தத்தையே அனுப்பும்; மிச்ச வேலை முன் பிரேக்கின் தலையில் விழும்.

மறுமொழி: டயர் கடை வைத்திருப்பவர், உடுமலை

பின் டயர்கள் எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்று எழுதவில்லையே? டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களில், முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். பட்டன் ஆழம் (டயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களின் ஆழம்) 1.6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சட்டப்படி ஓட்டலாம் என்றாலும், ஆண்டுகள் ஆக ஆக ரப்பர் இறுகிவிடும். இறுகிய ரப்பர் காய்ந்த சாலையில் ஒன்றும் காட்டிக்கொடுக்காது, மழையில்தான் கைவிடும்.

புதிய டயர்கள் இரண்டே இருந்தால் அவை எப்போதும் பின்னால்தான் போக வேண்டும். முன்பக்கம் வழுக்கினால் காலைத் தளர்த்தி ஓரளவு சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் அனுபவமுள்ளவருக்குக்கூட நேரம் கிடைப்பதில்லை. ஸ்டீயரிங் திரும்புவது முன்னால்தானே என்று நினைத்துப் பலரும் முன்னால் போட்டுவிடுகிறார்கள். கடைக்காரர்களும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம். ஓட்டுநர் பக்கக் கதவோரத்து ஸ்டிக்கரில் வெறும் வண்டிக்கு ஓர் அளவும் சுமைக்கு ஓர் அளவும் இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்

நேரம் ஒதுக்கி எழுதிய எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி ஒவ்வொன்றாகச் சோதித்தேன்.

நேர்ச்சாலையில் பிரேக் மிதித்தபோது முன் சக்கரங்களே முதலில் நின்றன. மைதானத்து ஈரத்தரையில் மெல்ல வட்டமடித்துப் பார்த்தபோது, ஆக்சிலேட்டரைச் சீராக வைத்திருக்கும்போதே பின்பக்கம் நழுவத் தொடங்குகிறது. காலை எடுத்தால் இன்னும் கூடுகிறது. ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் ஒரே அளவில் வெதுவெதுப்பாக இருந்தன. பின் டயர்களில் 1516 என்று இருக்கிறது. பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டர் இருந்தாலும் ரப்பரில் நகத்தை அழுத்தினால் தடம்கூட விழவில்லை. ஸ்டிக்கரில் வெறும் வண்டிக்குப் பின் டயரில் 30 பி.எஸ்.ஐ., சுமைக்கு 38 என்று இருக்கிறது. டயரில் இருந்தது 40.

கீழே படுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஸ்பிரிங்கை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் இடப்பக்க யூ போல்ட்டைச் சுற்றிச் செங்கல்பொடி போன்ற துருத்தூள் படிந்திருக்கிறது. அதை ஒட்டி, பட்டை ஆக்சிலின் மேல் உட்காரும் இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இரும்பு பளபளவென்று தேய்ந்திருக்கிறது. இது எதைக் காட்டுகிறது?

மறுமொழி: பட்டறை நடத்துபவர், பொள்ளாச்சி

தம்பி, இதை நீங்கள் பார்த்தது மிக நல்லது. இதைச் சரிசெய்யும் வரை வண்டியை மலைச்சாலையில் எடுக்காதீர்கள். துருத்தூளும் பளபளப்பும் சேர்ந்து இருந்தால் இரும்பும் இரும்பும் உரசுகின்றன என்று பொருள். பட்டை சேர்த்தபோது முடுக்கிய யூ போல்ட்டை, சில நூறு கிலோமீட்டர் ஓடிப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்தபின் மறுபடி முடுக்கியிருக்க வேண்டும். அப்படிச் செய்யாததால் அது தளர்ந்து, ஆக்சிலை இடத்தில் நிறுத்தும் வேலை முழுவதும், பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலைக்கு வந்திருக்கிறது. ஸ்பிரிங்கின் முன்கண் போல்ட்டிலிருந்து ஆக்சில் குழாயின் நடுவரை இருபுறமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் சற்று ஒருபுறம் சாய்ந்து நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

கேட்டவர்

இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 9 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கிறது. ஸ்டீயரிங்கும் சாய்ந்துதான் நிற்கிறது. அதை அலைன்மென்ட் கோளாறு என்றே எண்ணியிருந்தோம்.

மறுமொழி: ஆட்டோமொபைல் பொறியாளர், கோவை

இந்த 9 மில்லிமீட்டர், பின் ஆக்சிலை ஏறக்குறைய அரை டிகிரி திருப்பிவிடும். அது அங்கேயே நிலையாக நின்றிருந்தால் வண்டி கொஞ்சம் கோணலாக ஓடுவதோடு போயிருக்கும். தளர்ந்த யூ போல்ட்டோடு, பிரேக்குக்கும் பள்ளத்துக்கும் ஆக்சில் இடம் மாறிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து. கடினமான ஸ்பிரிங், இறுகிய டயர், அதிகக் காற்று ஆகிய மூன்றும் பிடிமானத்தைக் குறைத்து வைத்திருக்க, இந்த அசைவு நழுவலைத் தொடங்கி வைக்கிறது என்று கருதுகிறேன். முன் சக்கர அலைன்மென்ட்டைத் தொடுவதற்கு முன் பின் ஆக்சிலை நேராக்க வேண்டும். இல்லாவிட்டால் கோணலான ஆக்சிலுக்கு ஏற்றபடி முன் சக்கரங்களைத் திருத்தியதாகிவிடும்.

கேட்டவர்

வேலை முடிந்தது. சென்டர் போல்ட்டைக் கழற்றியபோது அதன் தலை ஒருபக்கம் பாதி தேய்ந்திருந்தது. இருபுறமும் புதிய சென்டர் போல்ட்டும் புதிய யூ போல்ட்டும் போட்டு, கூடுதல் பட்டைகளை எடுத்துவிட்டோம். முன்கண் புஷ்களும் மாற்றப்பட்டன. புதிய டயர்களைப் பின்னால் போட்டு, காற்றை 30க்கு இறக்கினோம். அளவு இப்போது இருபுறமும் ஒன்றாக இருக்கிறது. நேற்று நல்ல மழையில் அட்டகட்டி வரை இறங்கிப் பார்த்தேன். பின்பக்கம் முன்பக்கத்தின் தடத்திலேயே வந்தது. தார் பெயர்ந்த இடங்களில் சிறு குலுக்கல் இருந்தாலும் பக்கவாட்டில் நகரவில்லை. 2016ஆம் ஆண்டு டயர்கள் இப்போது முன்னால் இருக்கின்றன. அவற்றையும் இந்த மாதமே மாற்றிவிடுவேன். ஒன்று மட்டும் மீதி: உர மூட்டை ஏற்றும்போது பின்பக்கம் மறுபடி தாழ்கிறதே, அதற்கு என்ன செய்வது?

மறுமொழி: பட்டறை நடத்துபவர், பொள்ளாச்சி

வில்லாக வளைந்த பட்டையைக் கட்டின் நடுவில் சேர்க்காமல், கட்டுக்கு அடியில் தட்டையான ஒற்றைப் பட்டையைப் போடச் சொல்லுங்கள். வெறும் வண்டியில் அது மற்றப் பட்டைகளைத் தொடாமல் நிற்கும். சுமை ஏறிக் கட்டு அமுங்கினால் மட்டும் தாங்கும். அப்போதும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடைக்கு மேல் ஏற்றாதீர்கள். சுமை ஏற்றும் அன்று காற்றை 38 ஆக்கி, இறக்கியதும் 30க்குக் கொண்டுவாருங்கள்.

பட்டை எடுத்தபின் வண்டியின் உயரம் மாறியிருக்கும். முன்பு யாராவது லோடு சென்சிங் வால்வின் கம்பியை அந்த உயரத்துக்கு ஏற்ப மாற்றி வைத்திருந்தால், அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வெறும் வண்டியில் அந்த நேர்ச்சாலைப் பிரேக் சோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள். யூ போல்ட்டுகளை 500 கிலோமீட்டர் ஓடியதும் வண்டி தரையில் நிற்கும்போதே, டார்க் ரெஞ்ச் வைத்து, நான்கையும் குறுக்கும் நெடுக்குமாக முடுக்க வேண்டும்.