டிஃபில் பச்சை வரி நிறைய இருந்தால் தூக்கம் நன்றாக வருகிறது

திரும்பத் திரும்ப ஒரே மாதிரி கோடு எழுதுவதைப் பற்றி மூன்று புரோகிராமர்கள் சொன்னது.

ஜாவா மொழியில் எட்டு வருடம் புரோகிராம் எழுதி ஓட்டியவன் நான். கிளாஸில் (தகவலை வைக்கும் அச்சு மாதிரி) இரண்டே ஃபீல்டு இருந்தாலும் கன்ஸ்ட்ரக்டர், கெட்டர், ஈக்வல்ஸ், ஹேஷ்கோட் (இவை இரண்டும் இரு மதிப்புகள் ஒன்றா என்று பார்க்க), டூஸ்ட்ரிங் என்று வழக்கமான துணை ஃபங்ஷன்களாக ஐடிஇ (கோடு எழுதும் மென்பொருள்) நாற்பது வரியைக் கொட்டிவிடும். சாயங்காலம் டிஃபைப் (கோடில் என்ன மாறியது என்று காட்டும் பட்டியல்; சேர்த்தது பச்சை, நீக்கியது சிவப்பு) பார்த்தால் முந்நூறு வரி பச்சையாக நிற்கும். அன்றைக்கு நிம்மதியான தூக்கம்.

தொகை, தேதி என்று இருந்த ஒரு கிளாஸில் பிறகு நாணயத்தையும் சேர்த்தேன். கெட்டர் போட்டேன், ஈக்வல்ஸையும் ஹேஷ்கோடையும் மறுபடி ஜெனரேட் பண்ண மறந்துவிட்டேன். ஒரே தேதியில் நூறு டாலர், நூறு யூரோ. ஒரே மதிப்பை இரண்டு முறை வைத்துக்கொள்ளாத ஹேஷ்செட்டுக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டாவதைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டது. கம்பைலர் வாயே திறக்கவில்லை. ரிவ்யூ செய்தவரும் அந்த நாற்பது வரியைப் படிக்கவில்லை (யார்தான் படிப்பார்கள்?). கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

2021இல் ஜாவா 16இல் ரெக்கார்ட் (ஃபீல்டுகளைச் சொன்னால் போதும், மற்றதை ஜாவாவே பார்த்துக்கொள்ளும் கிளாஸ்) முறையாக வந்தது. அதே கிளாஸ் ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. புது ஃபீல்டு சேர்த்தால் ஈக்வல்ஸும் தானாகவே மாறிக்கொள்ளும். டிஃபில் பச்சை ஒன்று, மற்றதெல்லாம் சிவப்பு. வேலையே பார்க்காமல் சம்பளம் வாங்குகிற மாதிரி இருந்தது எனக்கு!

*

எனக்கு நேர் எதிர், வரியைக் குறைப்பதில்தான் சுகம். லிஸ்ப் மொழியில் மேக்ரோ (கோடை எழுதித் தரும் கோடு) கற்ற புதிதில், ஆறு இடத்தில் ஒரே மாதிரி இருந்த ஆறு ஆறு வரியை ஒழிக்க மூன்று நாள் உட்கார்ந்து ஒரு மேக்ரோ எழுதினேன். மூன்று நாளும் பறக்கிற மாதிரி இருந்தது. ஏழாவது இடத்துக்கு மட்டும் டைம்அவுட் (காத்திருக்கும் நேர வரம்பு) தேவைப்பட்டது, ஒரு ஆப்ஷன் சேர்த்தேன். அப்புறம் இன்னொன்று. கடைசியில், மேக்ரோ விரித்துத் தந்த கோடையே ஏழு இடத்திலும் ஒட்டிவிட்டு மேக்ரோவை அழித்தேன். சேமிக்க நினைத்ததே முப்பது வரிதான்.

*

நான் கோ மொழி ஆள். எர்ர் (பிழை) நில் (வெறுமை) இல்லையென்றால் எர்ரைத் திருப்பு, அந்த மூன்று வரியை ஒரு நாளைக்கு எத்தனை முறை அடிக்கிறேன் என்று எண்ணியதில்லை. ஆரம்பத்தில் எரிச்சல். போகப் போகக் கை பாட்டுக்கு அடிக்கும், தலை அடுத்ததை யோசிக்கும். உண்மையில் சுகமாகத்தான் இருக்கும்.

அந்தச் சுகத்தில் ஒருமுறை எர்ர் என்பதற்குப் பதில் நில் என்று திருப்பிவிட்டேன். ஃபைல் எழுதப்படவே இல்லை. ஃபங்ஷனோ எல்லாம் சரி என்றது. இப்போது அதைப் பிடிக்க ஒரு லின்டர் (கோடில் தவறு தேடும் கருவி) போட்டிருக்கிறேன். அது கத்தினால் எனக்குக் கோபம்தான் வருகிறது, நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தேனே என்று.