நாயுடுபுரம் குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

கார்த்தி: ஹோம்ஸ்டேயில் கழற்றிய மூன்று கீசரும் நம் வாசலில் கிடக்கின்றன. காயலான் கடைக்காரர் மொத்தமாக இரும்பு விலைக்குக் கேட்கிறார். பிரித்தே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சாந்தி சித்தி: இந்தக் குளிரில் உனக்கு இது தேவையா?

கார்த்தி: சித்தி, வெள்ளையாக இருந்த காயிலை அரத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். உள்ளே சிவப்பு! செம்பு. மேலே வெறும் நிக்கல் பூச்சு. வெட்டியதும் வெள்ளைப் பொடி கொட்டியது.

பெரியப்பா: கையை எடுடா. 2001-ல் நம் கொடைக்கானல் மூஞ்சிக்கல் காயலான் கடையில் பாதரசத்தோடு தெர்மாமீட்டர் கண்ணாடி கிடந்தது தெரியுமா?

கார்த்தி: அப்போது நான் பால்வாடி, பெரியப்பா.

மணி மாமா: பொடி மெக்னீசியம் ஆக்சைடு மாப்ளே. உள்ளே சூடாகும் நிக்ரோம் கம்பி செம்புக் குழாயைத் தொடக்கூடாது, ஆனால் சூடு வெளியே வர வேண்டும். அதற்காக அடைப்பது. விஷமில்லை, மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்.

பெரியப்பா: தெர்மோஸ்டாட்டில்?

மணி மாமா: நீளக் குச்சி மாதிரி உள்ளே செருகியிருக்கிறதா? அப்படியென்றால் பித்தளைக் குழாய்க்குள் இன்வார் கம்பி. சூட்டில் பித்தளை நீளும், இன்வார் அவ்வளவாக நீளாது. அந்த வித்தியாசம்தான் சுவிட்சைத் தட்டும். பாதரசத்துக்கு வேலையில்லை.

பெரியப்பா: சரி. கண்ணாடிக் குமிழ் மாதிரி எது கண்ணில் பட்டாலும் தொடாதே, முதலில் போட்டோ அனுப்பு.

கார்த்தி: குச்சிதான். அப்புறம், ஒரு தொட்டியில் காந்தம் ஒட்டவில்லை, எவர்சில்வர். இன்னொன்றைச் சுத்தியலால் தட்டினேன், உள்ளேயிருந்து நீலச் சில்லு தெறித்தது.

மணி மாமா: துருப் பிடிக்காமல் இருக்க இரும்பின்மேல் சுட்டுப் பூசிய கண்ணாடி அது. நீயும் கண்ணாடி போட்டுக்கொண்டு தட்டு.

சாந்தி சித்தி: நீ பிய்த்துப்போட்ட மஞ்சள் பஞ்சில் பூனை படுத்திருக்கிறது! எடுக்கப்போன எனக்குக் கையெல்லாம் அரிக்கிறது.

மணி மாமா: அக்கா, அது கண்ணாடிப் பஞ்சு. தேய்க்காமல் தண்ணீரில் கழுவுங்கள். பஞ்சைச் சாக்கில் போட்டுக் கட்டு கார்த்தி. வயரையும் கொளுத்தாதே, பிளேடால் சீவி எடு. தெருவே நாறும்.

கார்த்தி: எடை போட்டாச்சு. காயில் 600 கிராம், குழாய் முனைப் பித்தளை 400. தொட்டி துருப் பிடிக்காமல் இருக்க உள்ளே வைத்த மெக்னீசியக் கம்பி கரைந்து ஈர்க்குச்சி ஆகிவிட்டது, காசு தேறாது.

சாந்தி சித்தி: நாலு மணி நேரத்துக்கு ஒரு கிலோவா!

கார்த்தி: கொட்டகையில் அப்பத்தாவின் செம்பு பாய்லர் சும்மாதானே கிடக்கிறது...

பெரியப்பா: போன மழையில் மூன்று நாள் கரண்டு இல்லாதபோது நீ எதில் வெந்நீர் போட்டுக் குளித்தாய்?

கார்த்தி: சும்மா கேட்டேன், பெரியப்பா.